‘ஆமா, இல்லையா?’: ஒரு தளபதியின் குணத்தை அறிவது எங்ஙனம்?

வரலாற்று மாந்தரை ஆளுமை வகைகளுள் அடக்கிப் பார்க்கும் ஆர்வம் இன்று மாணவரிடையே காணப்படுகிறது. கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட உளவியல் வகைப்பாட்டை அடியொற்றி, அமெரிக்கரான கேத்தரின் பிரிக்ஸும் அவர்தம் மகள் இசபெல் மையர்ஸும் 16 வகைகளை வகுத்தனர். அவ்வகைப்பாடு, ஒருவர் தம்மைப் பற்றித் தாமே விடையளிக்கும் வினாத்தாளை அடிப்படையாகக் கொண்டது. மறைந்த தளபதி ஒருவருக்கு நாம் வகை குறிக்கும்போதோ அவருக்காக நாமே விடை எழுதுகிறோம். அவ்விடைக்குச் சான்று யாது?

‘மலாயாவின் புலி’ எனப்பட்ட ஜப்பானியத் தளபதி தோமோயுக்கி யமாஷித்தாவை எடுத்துக்கொள்வோம். 1942 பிப்ரவரி 15ஆம் நாள், புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில், பிரிட்டிஷ் தளபதி பெர்சிவலிடம் ‘ஆமா, இல்லையா?’ என்று அவர் வற்புறுத்திக் கேட்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. இதனை மட்டும் கொண்டு அவரைச் சினமும் ஆதிக்கமும் மிக்கவர் என வகைப்படுத்துதல் எளிது.

ஆயினும், அவ்வுரையாடல் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே நிகழ்ந்தது. மொழிபெயர்ப்பு தடுமாறியதால் தளபதி பொறுமையிழந்தார் என்பது ஜப்பானியத் தரப்பு விளக்கம். மேலும், ஆம், இல்லை என்னும் இரண்டனுள் ஒன்றையே வேண்டும் வினா, பேரத்திற்கு இடந்தராது. யமாஷித்தாவுக்கோ காலம் நீட்டிக்க இயலாத நிலை. அவர் படையின் வெடிபொருள் இருப்புக் குறைந்திருந்தது. ஏறத்தாழ 30,000 வீரரைக் கொண்டு மும்மடங்கினும் மிக்க படையை எதிர்கொண்டதாகவும், தம் தாக்குதல் வெற்று மிரட்டலே எனவும் அவர் பின்னர்க் குறித்தார். எனவே, நாம் சினம் எனக் கொள்வது அச்சமாகவும் இருக்கலாம், உத்தியாகவும் இருக்கலாம். ஒரே தொடர் மூன்று வேறு மனநிலைகளுக்குச் சான்றாகுமாயின், அது எக்குணத்தையும் நிறுவுவதில்லை.

இதனை வெறும் சொல்லாராய்ச்சி எனக் கருதலாகாது. சரணடைவுக்குப் பின் சில நாள்களில், யமாஷித்தாவின் தலைமையிலிருந்த 25ஆம் படையினர் சிங்கப்பூரின் சீன ஆடவரைப் பிரித்தெடுத்துக் கொன்றனர். ‘சூக் சிங்’ எனப்படும் அக்கொடுமையில் மாண்டோர் தொகை 5,000 முதல் 50,000 வரை பலவாறு கூறப்படுகிறது. இதனை அவருடைய ஆளுமை வகையால் விளக்கப் புகின், ‘இயல்பே அது’ என்னும் சொல்லில் பொறுப்பு மறைந்துவிடும்.

பிலிப்பீன்ஸில் நிகழ்ந்த கொடுமைகளுக்காக மணிலாவில் அவரை விசாரித்த இராணுவ ஆணையம், அவர் எத்தகைய மனிதர் என்று தீர்ப்பளிக்கவில்லை. தம் படையினரைக் கட்டுப்படுத்தும் கடமையில் தவறினார் என்றே தீர்ப்பளித்தது. 1946 பிப்ரவரி 23ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். அத்தீர்ப்பின் முறைமை குறித்து அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகளிடையேயே கருத்து வேறுபாடு எழுந்ததும் உண்மை. எனினும், கேட்கப்பட்ட வினா கடமையைப் பற்றியது.

வகுப்பறையிலும் நாம் இவ்வரிசையைப் பின்பற்றலாம். ஒரு சொல்லை எவர், எம்மொழியில், எந்நெருக்கடியில் கூறினார், அதனை எவர் பதிந்தார் என முதலில் வினவுவோம். அடுத்து, அவர் செய்தது யாது, தடுக்கத் தவறியது யாது என வினவுவோம். இவற்றிற்கு விடை கண்ட மாணவர்க்கு, அத்தளபதி 16 வகைகளுள் எதனைச் சார்ந்தவர் என்னும் வினா பெரிதாகத் தோன்றாது.