மதுரையில் தலித் இறையியல்

தலித் இறையியல் என்பது சாதியால் நசுக்கப்பட்டவர்களின் பட்டறிவிலிருந்து விவிலியத்தை வாசிக்கும் கிறித்தவச் சிந்தனை. அதன் முதல் குரல் 1981-இல் பெங்களூரில் அர்விந்த் நிர்மலின் உரையில் எழுந்தது. பின்னர் அவரே சென்னை குருகுலத்தில் அதைத் தனித்துறையாக வளர்த்தார். ஆனால் அது பாட்டாகி, பறையோடு ஊருக்குள் போனது மதுரையிலிருந்துதான்.

அதன் மூலக்கதை யூதர்களுடையது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீண்டதை அவர்கள் ஆண்டுதோறும் பாஸ்கா விருந்தில் தம் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். அவ்விருந்தில் ஓதப்படும் உபாகமம் 26-ஆம் அதிகாரப் பகுதியையே நிர்மல் தம் இறையியலுக்கு அடிக்கல்லாக வைத்தார்.

மதுரை வட்டாரத்துச் சபைகளில் சாதிச் சிக்கல் பந்தியில் தொடங்கியது. 1834-இல் இங்கு வந்த அமெரிக்க மிஷனரிமார், சபைக்குள் சாதி நுழைவதைக் கண்டு சேர்ந்துண்ணலைச் சோதனையாக வைத்தனர். தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை உண்ண மறுப்பவர் சாதியை விட்டவர் ஆகார் என்று 1850-இல் சென்னை மிஷனரி மாநாடும் அறிவித்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் மேலிருந்து வந்த கட்டளை மனத்தைத் தொடவில்லை. கோயிலில் தனி இருக்கை, சாவுக்குப் பின்னும் தனிக் கல்லறை என்று சாதி பல ஊர்களில் தங்கிவிட்டது.

1969-இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி தொடங்கியது. அங்கே ஆசிரியராக இருந்த போதகர் ஜே. தியோபிலஸ் அப்பாவு, பந்தியைக் கீழிருந்து பார்த்தார். கர்நாடக இசைக் கீர்த்தனைகளும் மேலைநாட்டு ஞானப்பாட்டுகளும் ஒலித்த ஆராதனைக்குள் நாட்டுப்புற மெட்டையும் பேச்சுத்தமிழையும் கொண்டுவந்தார். தீண்டத்தகாத கருவி என்று ஒதுக்கப்பட்ட பறைக்கு அங்கே இடம் கிடைத்தது. ‘கிராமிய இசை வழிபாடு’ அவருடைய பெரும்படைப்பு. ‘பரட்டை’ என்ற பெயரை விரும்பிச் சூடிக்கொண்டார். மாணவர்களுக்கு அவர் பரட்டை அண்ணன்.

அவர் இறையியலின் நடுவில் இருந்தது ‘ஒரு உலை’. அவரவர் வீட்டு அரிசி ஒரே உலையில் வெந்தால் பசியும் சாதியும் ஒன்றாக அடிபடும் என்பது அவர் துணிபு. இயேசு கற்பித்த செபத்தில் அன்றாட அப்பம் கேட்கும் மன்றாட்டை அவர் கூடி உண்ணும் வேண்டுதலாக மாற்றினார். மிஷனரிமாரின் சோதனைக்கு இதுவே சரியான விடை என்று சொல்லலாம். சோறு இங்கே ஏழைகளே ஒருவருக்கொருவர் இடும் விருந்தாயிற்று. அவர் 2005-இல் மறைந்தார்.

சபைக்கு வெளியே ஒரு வழக்கு நீள்கிறது. பட்டியல் சாதி உரிமையை 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கே பெரும்பாலும் வரையறுத்தது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது திருத்தப்பட்டது. தலித் கிறித்தவருக்குத் திருத்தப்படவில்லை.