பஞ்சுக் காசில் எழுந்த மணிக்கூண்டு

மும்பையில் மகள் வீட்டுக்குப் போனால் பேரனைப் பள்ளியில் விடுவதும் கூட்டி வருவதுமாகவே நாள் ஓடிவிடும். இந்த முறை ஒரு ஞாயிற்றுக்கிழமையை எனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டேன். கோட்டைப் பகுதியின் பழைய கட்டடங்களை நடந்தே பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. "வெயில் ஏறுறதுக்குள்ள வந்துடுங்க" என்று வீட்டம்மா தண்ணீர் பாட்டிலைக் கையில் திணித்தாள். மாட்டுங்காவில் மின்சார ரயில் ஏறி வி.டி.யில் இறங்கினேன். அதற்குப் பெயர் மாறிப் பல வருஷமாகிவிட்டது. ஆனாலும் என் வயதுக்காரர்களுக்கு அது வி.டி.தான்.

அந்த ரயில் நிலையத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஸ்டீவன்ஸ் என்ற பொறியாளர் வரைந்து, 1878-இல் தொடங்கிப் பத்து வருஷம் கட்டியது. வாசல் தூண்களில் ஒரு பக்கம் இங்கிலாந்துக்காகச் சிங்கம், மறுபக்கம் நமக்காகப் புலி. கூட்டத்தில் இடிபடாமல் நின்று அண்ணாந்து பார்ப்பதே பெரும்பாடு. நான் பார்க்க வந்தது அதை அல்ல. அங்கிருந்து நடந்து, ஃப்ளோரா நீரூற்றைத் தாண்டி, ஓவல் மைதானத்துக்கு வந்தேன்.

ஓவல் மைதானத்தின் நடுவே நின்றால் இரண்டு காலங்களுக்கு நடுவே நிற்கிறோம். கிழக்கே உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம் என்று கூரான வளைவுகளும் கோபுரங்களுமாக விக்டோரியா காலத்துக் கல் கட்டடங்கள். மேற்கே 1930-களில் எழுந்த வழவழப்பான குடியிருப்புகள். இரண்டையும் சேர்த்து 2018-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. நடுவில் பையன்கள் பத்துப் பன்னிரண்டு கிரிக்கெட் ஆட்டங்களை ஒரே நேரத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். யார் பந்து யாருடையது என்று அவர்களுக்கு எப்படித் தெரிகிறதோ!

கிழக்குப் பக்கம் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது ராஜாபாய் கோபுரம். 280 அடி. வரைந்தவர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட்; லண்டனிலேயே உட்கார்ந்து படம் போட்டு அனுப்பினார், பம்பாய்க்கு வந்ததே இல்லை. கீழே நூலகம், மேலே மணிக்கூண்டு. மேற்கு இந்தியாவின் பல சாதி, சமூகத்து மனிதர்களை, அவரவர் தலைப்பாகை, உடையோடு, 24 சிலைகளாகக் கோபுரத்தின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். கீழிருந்து என் கண்ணுக்கு ஏழெட்டுதான் தெரிந்தன. மேலே ஏறிப் பார்க்கலாம் என்றால், பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

இந்தக் கோபுரத்துக்குப் பணம் கொடுத்தவர் பிரேம்சந்த் ராய்சந்த். சூரத்தில் பிறந்த சமணர், பங்குத் தரகர். தாயார் ராஜாபாயின் பெயரை வைக்கச் சொன்னார். சூரியன் மறையுமுன் சாப்பிட்டுவிட வேண்டும் என்ற விரதம் கொண்ட அந்த அம்மாளுக்குக் கண் தெரியாது, மணியோசை கேட்டு நேரம் அறியவே மகன் கட்டினார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு அதைவிட, பணம் வந்த வழியில்தான் அக்கறை. முப்பத்தாறு வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன், வேறெதைப் பார்ப்பேன்?

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. வடக்குக் கடற்படை தெற்குத் துறைமுகங்களை முற்றுகையிட, லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து நின்றது. இங்கிலாந்து இந்தியா பக்கம் திரும்பியது. பம்பாயில் பஞ்சு விலை பல மடங்கு ஏறியது. அந்தப் பணம் நிற்க இடமில்லாமல் வங்கிகளாகவும் கம்பெனிகளாகவும் முளைத்தது. பேக் பே கடலைத் தூர்த்து மனை போடுவோம் என்று ஒரு கம்பெனி கிளம்பியது. அதில் 5,000 ரூபாய் கட்டிய பங்கு, பத்து மடங்குக்குக் கைமாறியது. மனை எங்கே? இன்னும் தண்ணீருக்கடியில்! 1862-இல் ஆளுநராக வந்த பார்ட்டில் ஃப்ரெர் கோட்டை மதில்களை இடிக்கச் செய்து, ஊரைக் கடல் பக்கமாக விரிக்க ஏற்பாடு செய்ததும் இதே வேகத்தில்தான்.

1864-இல், உச்சத்தில் இருந்தபோது, பிரேம்சந்த் பல்கலைக்கழகத்துக்கு நூலகம் கட்ட 2 லட்சமும், கோபுரத்துக்கு என்று மேலும் 2 லட்சமும் கொடுத்தார். அடுத்த ஏப்ரலில் அமெரிக்கத் தெற்குப் படை சரணடைந்தது. பஞ்சு சரிந்தது. 1865 ஜூலை 1, முன்பேரக் கணக்குகளைத் தீர்க்க வேண்டிய நாள். கொடுக்க யாரிடமும் பணம் இல்லை. ஊரே நொடித்தது, பிரேம்சந்தும்தான்.

அதோடு பாங்க் ஆஃப் பாம்பேயும் சாய்ந்தது. 1840-இல் தொடங்கிய, அரசாங்கமே பங்கு வைத்திருந்த வங்கி. 1863-இல் வந்த சட்டம், கம்பெனிப் பங்குகளை ஈடாக வைத்துக் கடன் தர வழி விட்டது. அதன்பின் பிரேம்சந்த் கைகாட்டினால் கடன் என்றாகிவிட்டது. ஈடாக வந்ததெல்லாம் அந்தக் காற்றடைத்த பங்குகள். விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். 1868-இல் பழைய வங்கியை மூடிப் புதிதாக ஒன்றை அதே பெயரில் தொடங்கினார்கள். அதுதான் 1921-இல் இம்பீரியல் பாங்கில் கலந்து, 1955-இல் ஸ்டேட் பாங்க் ஆனது. பழைய வங்கியில் பங்கு போட்டிருந்தவர்களின் முதல் பெரும்பாலும் கரைந்தே போனது.

இதைப் படித்த நாளிலிருந்து அந்த மணிக்கூண்டு எனக்குப் பிடிக்காமல் போயிருந்தது. காரணம் இருக்கிறது.

எண்பதுகளில் நான் கரிசல் சீமையில் ஒரு கிளையில் அதிகாரி. பஞ்சு வியாபாரிகளுக்குக் கிட்டங்கிச் சரக்கின் பேரில் கடன் கொடுப்போம். பூட்டு வங்கியுடையது, சாவி எங்களிடம். மாதம் ஒரு முறை போய்ப் பொதிகளை எண்ண வேண்டும். ஒரு முதலாளி ஊரில் பெரிய மனுஷர். பள்ளிக்கூடத்துக்குத் தன் தாயார் பெயரில் இரண்டு வகுப்பறை கட்டிக் கொடுத்தவர். "சார், வெயிலுக்குள்ள எதுக்கு உள்ள போறீங்க, மோர் சாப்பிடுங்க" என்பார். நான் வாசலிலிருந்தே முன்வரிசையை எண்ணிப் பின்வரிசைகளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். ஒரு தடவை அல்ல, எட்டு மாதம். கடைசியில் திறந்து பார்த்தபோது பின்னால் இருந்ததெல்லாம் ஆலைக் கழிவு. எனக்கு இரண்டு இன்கிரிமென்ட் வெட்டு. அது போகட்டும். அவரிடம் கடனுக்குப் பஞ்சு போட்டுவிட்டுப் பணத்துக்காக வங்கி வாசலில் வந்து நின்ற சம்சாரிகளின் முகம்தான் போக மாட்டேன் என்கிறது. நான் நாலு அடி உள்ளே போயிருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும். இதை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

பாங்க் ஆஃப் பாம்பேயிலும் யாரோ ஒருவர் மோர் சாப்பிட்டிருப்பார்.

கோபுரத்துக்குக் கடைக்கால் போட்டது 1869-இல், முடிந்தது 1878-இல். அதாவது கொடுத்தவர் நொடித்துப் போன பிறகுதான் முதல் கல்லே வைத்தார்கள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டிருந்தால் கடன்காரர்களுக்கு 4 லட்சம் ஆகியிருக்குமே என்று கணக்குப் போட்டேன். பல்கலைக்கழகத்தின் கையில் போன பணம் சட்டப்படி பல்கலைக்கழகத்துடையது, அதுவும் தெரியும். இதை மத்தியானம் மகளிடம் சொன்னபோது, "கோபுரத்தைப் பார்க்கப் போனீங்களா, ஆடிட் பண்ணப் போனீங்களா அப்பா?" என்று சிரித்தாள்.

சிரிக்கட்டும். ஆனால் அங்கே நிற்கையில் வேறொன்றும் தோன்றியது. மேற்குப் பக்கக் குடியிருப்புகளும் அவற்றுக்கு அப்பால் கடற்கரைச் சாலையும், அந்தக் கம்பெனி தூர்க்கப் போவதாகச் சொன்ன அதே கடல் பக்கம்தான். பங்குகள் குப்பையாகி அறுபது, எழுபது வருஷம் கழித்து, அரசாங்கம் மண் கொட்டி நிலம் எடுத்தது. 1865-இல் காகிதம் வைத்திருந்தவர்களில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. வீட்டு மாடிகளில் துணி காய்ந்தது.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக அந்தக் கரிசல் ஊருக்குப் போயிருந்தேன். வகுப்பறைகள் அப்படியே இருக்கின்றன. அந்த அம்மாள் பெயர் பொறித்த கல்லுக்கும் சேர்த்துச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போகவில்லை.

கோபுரத்தில் பதினொன்று அடித்தது. பையன்களில் எவனும் தலை தூக்கிப் பார்க்கவில்லை. பாட்டிலில் இருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டு, சர்ச்கேட்டுக்கு நடந்து ரயில் பிடித்தேன்.