டீசல் லாரியின் நோய்களும் அவற்றின் வரலாறும்

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் உண்டு. டீசல் லாரியின் எஞ்சினில் அது கிடையாது. பின் எரிபொருள் எப்படித் தீப்பற்றுகிறது? இந்தக் கேள்வியின் விடையில்தான் டீசல் எஞ்சினின் பெருமை, அதன் கோளாறுகள், பழைய லாரி வாங்குவோரின் செலவு ஆகிய மூன்றும் அடங்கியுள்ளன. கையிலுள்ள சேமிப்போடு கடனையும் சேர்த்து, பழைய நடுத்தர லாரி ஒன்றை வாங்கிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. வண்டி ஓடினால்தான் தவணை கட்ட முடியும். 'நாசில் போய்விட்டது, ரிங் தேய்ந்துவிட்டது' என்று பட்டறையில் அவர்கள் கேட்கும் சொற்களுக்குப் பின்னே நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதை இங்கே காண்போம்.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு வேகமாகச் சில முறை அழுத்திப் பாருங்கள். பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றை விரைவாக அழுத்தினால் அது சூடேறும் என்பது இயற்பியல் விதி. லாரியின் டீசல் எஞ்சினில் காற்று ஏறத்தாழ 17-இல் ஒரு பங்கு கன அளவுக்கு அழுத்தப்படுகிறது. வெப்பம் சிறிதும் வெளியேறாது என்று கொண்டால், 27 டிகிரி செல்சியசில் உள்ளே வந்த காற்று 650 டிகிரியை எட்டும் என்று கணக்குக் காட்டுகிறது. உண்மையில் சிலிண்டர் சுவர் சிறிது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் வெப்பநிலை சற்றுக் குறையும். ஆனால் டீசல் எண்ணெய் தானாகத் தீப்பற்ற 250 டிகிரியை ஒட்டிய வெப்பமே போதும். ஆகவே சூடான காற்றில் எண்ணெயைப் பீச்சியவுடன் அது எரிகிறது.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, காற்று கசியாமல் அழுத்தப்பட வேண்டும். மற்றொன்று, எண்ணெய் உரிய நேரத்தில், உரிய அளவில், நுண்துளிகளாகப் பீச்சப்பட வேண்டும். இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் தம் கருத்துக்கு 1892-இல் காப்புரிமை கோரினார். மறு ஆண்டு அது கிடைத்தது. 1893 ஆகஸ்டு 10 அன்று ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் முதல் சோதனை நடந்தது. உள்ளே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல 80 மடங்குக்கு மேல் உயர்ந்து, அளவிடும் கருவியே வெடித்துச் சிதறியது. நான்கு ஆண்டு உழைப்புக்குப் பின், 1897 பிப்ரவரியில், பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் புதிய எஞ்சினைச் சோதித்தார். எரிபொருளின் ஆற்றலில் 26.2 விழுக்காடு வேலையாக மாறியது கண்டறியப்பட்டது. அக்காலத்துச் சாதாரண நீராவிப் பொறிகள் இதில் பாதியைக்கூட எட்டியதில்லை.

ஆயினும் ஒரு சிக்கல் தீரவில்லை. அவ்வளவு அழுத்தத்தை எதிர்த்து எண்ணெயை உள்ளே செலுத்துவது எப்படி? டீசல் அதற்கு மேலும் அழுத்தப்பட்ட காற்றைப் பயன்படுத்தினார். அந்தக் காற்றைத் தயாரிக்கத் தனியே ஓர் அழுத்தப் பொறி வேண்டியிருந்தது. 20 குதிரைத் திறன்கூட இல்லாத அந்த எஞ்சின் சுமார் 3 மீட்டர் உயரமும் நாலரை டன் எடையும் கொண்டிருந்தது! ஆலையில் நிறுத்தலாம்; வண்டியில் ஏற்ற முடியாது. தொடக்கத்தில் விற்ற எஞ்சின்களும் அடிக்கடி பழுதாயின. டீசல் ஆக்ஸ்பர்க்கில் நிறுவிய தொழிற்சாலை விரைவிலேயே உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது. கடன் சுமையில் இருந்த அவர், 1913 செப்டம்பர் 29 இரவு இங்கிலாந்து செல்லும் கப்பலிலிருந்து மறைந்தார். தம் பெயர் தாங்கிய எஞ்சின் லாரியை இழுப்பதை அவர் காணவில்லை.

லாரிக்கு வழி திறந்தவர்கள் பின்வந்தோர். 1909-இல் புரோஸ்பர் லோராஞ்ச் என்ற பொறியாளர், எண்ணெய் முதலில் ஒரு சிற்றறையில் எரியத் தொடங்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கனத்த அழுத்தப் பொறி தேவையற்றதாயிற்று. 1923-இல் பென்ஸ் நிறுவனம் டீசல் லாரியை உருவாக்கியது. 1924-இல் எம்.ஏ.என். நிறுவனம், எண்ணெயை நேரடியாக சிலிண்டருக்குள் பீச்சும் லாரியை பெர்லின் கண்காட்சியில் வைத்தது. ராபர்ட் பாஷ் 1922-இல் பீச்சுபம்ப் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். 1927-இல் அது பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கியது.

அந்தப் பம்பினுள் ஒரு சிறு தண்டு குழலுக்குள் மேலும் கீழும் ஓடுகிறது. தண்டுக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே. தலைமயிரின் தடிப்பு இதைப்போல் பல மடங்காகும். இதற்கு உயவு எண்ணெயாக இருப்பதும் அதனுள் ஓடும் டீசலே. டீசலில் தண்ணீரோ தூசியோ கலந்தால் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் 1951-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனம் இத்தகைய பம்ப்களைச் செய்தது. 1954-இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனம் டெய்ம்லர்-பென்ஸ் கூட்டுறவுடன் லாரி தயாரிக்கத் தொடங்கியது. 1955-இல் எண்ணூரில் அசோக் லேலண்ட் அப்பெயரைப் பெற்றது. லாரிகள் பெருகவே, நாமக்கல் போன்ற லாரித் தொழில் ஊர்களில் பம்ப் பழுதுபார்க்கும் கடைகளும் பெருகின.

இப்போது நோய்களுக்கு வருவோம். புகைக் குழாயைப் பாருங்கள். கரும்புகை வந்தால் எண்ணெய்க்கு ஏற்ற காற்று இல்லை, அல்லது நாசில் நுண்துளியாகப் பீச்சவில்லை என்று பொருள். காற்று வடிகட்டி அடைத்திருந்தாலும் இதே புகைதான். நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், லைனர், வால்வு அல்லது டர்போவின் அடைப்பு தேய்ந்திருக்கலாம். வெண்புகை வந்தால், எண்ணெய் எரியாமல் ஆவியாகிறது. அழுத்தம் போதவில்லை, அல்லது பீச்சும் நேரம் பிந்துகிறது. ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கட் வழியே நீர் உள்ளே கசிகிறது என்று ஐயுறலாம். ஆயில் பால்போல் வெளுத்திருப்பதும் இதற்கு அடையாளம்.

செலவைப் படிகளாக எண்ணிப் பாருங்கள். வடிகட்டி மாற்றுவது முதற்படி. நாசில் வேலை அடுத்தது. பம்பைக் கழற்றி அளவு சரிசெய்வது அதற்கும் மேல். எஞ்சினை இறக்கி லைனர், பிஸ்டன், ரிங் மாற்றுவது உச்சம். இப்படிகள் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை. கசியும் நாசிலிலிருந்து சொட்டும் டீசல், சிலிண்டர் சுவரில் படிந்திருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடுகிறது. ரிங் தேய்கிறது, ஆயில் நீர்த்துப்போகிறது, சில வேளை பிஸ்டனின் தலையே உருகித் துளைபடுகிறது. சிறு உதிரிப்பாகத்தின் செலவைத் தள்ளிப்போட்டவர் எஞ்சின் முழுவதற்கும் செலவிட நேர்கிறது.

1995-இல் ஜப்பானில் ஹினோ ரேஞ்சர் என்ற நடுத்தர லாரியில், டென்சோ நிறுவனத்தின் 'காமன் ரெயில்' என்னும் பொதுக்குழல் முறை வந்தது. அழுத்தப்பட்ட எண்ணெய் ஒரு குழலில் காத்திருக்க, மின்னணுக் கருவி அளந்து பீச்சுகிறது. இன்றைய இம்முறைகளில் அழுத்தம் 2,000 வளிமண்டலத்தையும் மிஞ்சுகிறது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபின், புதிய லாரிகளில் புகை வடிகட்டியும் யூரியாக் கரைசலும் சேர்ந்தன. ஊர்க்காற்று தூய்மை பெற இவை தேவை. ஆனால் பழைய பம்பை ஊர்க் கடையிலேயே பிரித்துப் பூட்டலாம். இவற்றுக்கோ கணினிச் சோதனை வேண்டும், பாகத்தையே மாற்ற நேரிடும். பழைய லாரி வாங்குபவர் விலையோடு இந்த வேறுபாட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பழைய லாரியைப் பார்க்கப் போனால், எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் போங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். சூடான எஞ்சினில் தேய்ந்த ரிங்கும் ஒருவாறு வேலை செய்துவிடும். குளிர்ந்த சுவரிலோ காற்றின் வெப்பம் விரைவில் இறங்கிவிடும். கசிவும் சேர்ந்தால் எண்ணெய் பற்றாது. செல்ப் மோட்டார் நெடுநேரம் சுழன்றும் எஞ்சின் பிடிக்காமல் வெண்புகையை மட்டும் கக்கினால், பட்டறைக்காரரைக் கேட்காமல் முன்பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்.