முகமில்லாத உருவப்படம்: சாங்கிப் போர்வைகளும் கவிதையும்

பூத்தையல் உருவப்படத்தைப் பார்த்துக் கவிதை எழுத விரும்புவோர், நமக்குப் பக்கத்திலேயே பிறந்த சாங்கிப் போர்வைகளிலிருந்து தொடங்கலாம். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த பிறகு, சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்ட பெண்கள் தைத்தவை அவை. கனடாவைச் சேர்ந்த எத்தல் மல்வேனியின் யோசனைப்படி ஒவ்வொருத்தியும் 6 அங்குலச் சதுரத் துணியில் தன்னைப் பற்றிய ஏதாவது ஒன்றைத் தைத்தாள், பெயரையும் தைத்தாள். 66 சதுரங்கள் சேர்ந்தால் ஒரு போர்வை. காயமடைந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, ஜப்பானிய வீரர்களுக்கென மூன்று உருவாயின. ஜப்பானியருக்கும் ஒன்று தைத்ததால்தான் மற்றவை வெளியே போக முடிந்தது என்பார்கள்.

பெரும்பாலான சதுரங்களில் முகமே கிடையாது. ஒருத்தி பூவைத் தைத்தாள், ஒருத்தி ஊர் வீட்டை, இன்னொருத்தி சிறை அறையை. ஆனாலும் அவை உருவப்படங்கள்தாம். கணவன்மார் வேறு இடத்தில் அடைபட்டிருந்தார்கள். கடிதம் எழுத வழியில்லை. முகாம் மருத்துவமனையில் அந்தப் போர்வையைக் காண்பவனுக்கு, மனைவியின் பெயர் ஒன்றே போதும், அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிய.

ஆகவே கவிதை எழுதுபவர், யார் கண்ணில் பட வேண்டுமென்று அவள் தைத்தாள் என்பதை முதலில் யோசிக்க வேண்டும். படம் பார்த்து எழுதும் நம் போட்டிக் கவிதைகள் பல, முதல் வரியிலேயே அழத் தொடங்கிவிடுகின்றன. இந்தத் துணிகளில் அழுகை குறைவு. சிலவற்றில் சிறை வாழ்வைக் கேலி செய்யும் குறும்புகூட உண்டு. ஒரே ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்வது நல்லது. என்ன நிறம், பெயர் எந்த மூலையில், எந்த இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது என்று பார்த்த பிறகே பேனாவைத் தொடலாம். சிறையில் நூல் அரிது. ஓர் எழுத்தைத் தைக்கவும் நூல் செலவாகும். கவிஞரும் அதே சிக்கனத்தோடு எழுதிப் பார்க்கலாம்.

சாங்கியிலிருந்த போர்க்கைதிகள் பலர் பின்னர் சயாம் ரயில்பாதைக்கு அனுப்பப்பட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்களும் அதே பாதைக்குத்தான் போனார்கள். திரும்பாத பலருக்குப் பெயர் தைத்த துணிகூட இல்லை. எழுத நினைப்பவருக்கு அதுவும் ஒரு சதுரம்தான், வெறும் சதுரம்.

ஆஸ்திரேலிய, ஜப்பானியப் போர்வைகள் கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன; பிரிட்டிஷ் போர்வை பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் உள்ளது. படங்களை இணையத்திலும் பார்க்கலாம்.