சிறிய படுக்கையறை: லயத்து வீட்டிலிருந்து அடுக்குமாடி வரை



‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்பது நம் முன்னோர் வாக்கு. வகுப்பில் இப்பழமொழியைக் கற்பிக்கும்போதெல்லாம் சிக்கனத்தைப் பற்றியே விளக்கம் கூறி வந்தேன். சிறிய இடத்தில் பெருக வாழ்வது எப்படி என்று எந்த மாணவரும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. 2020 ஆம் ஆண்டில்தான் அக்கேள்வி என் முன் வந்து நின்றது.

அவ்வாண்டு மார்ச் 18 ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. நாங்கள் இயங்கலை வழி பாடம் நடத்தக் கற்றுக்கொண்டோம். என் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பில் தன் முகத்தைக் காட்டவே மாட்டான். அவன் படம் எடுத்து அனுப்பும் பயிற்சிகளில் எழுத்துகள் கோணல் மாணலாகச் சரிந்து கிடக்கும். ஒரு நாள் பொறுமை இழந்து, “படுத்துக்கொண்டா எழுதுகிறாய்?” என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவன் மறுமொழி கூறவில்லை.

கட்டுப்பாடு தளர்ந்த பின்னர், பயிற்சித் தாள்களைக் கொடுப்பதற்காக அவன் வீட்டிற்குச் சென்றேன். மக்கள் வீடமைப்புத் திட்டத்தைச் சேர்ந்த அடுக்குமாடி வீடு அது. அவனுடைய அம்மா அறைக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு பெரிய கட்டில் மூன்று சுவர்களையும் ஒட்டி நின்றது. எதிரே அலமாரி. அதன் கதவு கட்டிலில் இடித்துப் பாதி மட்டுமே திறந்தது. நடக்கக் கிடைத்த தரை ஒரு முழ அகலம்தான். மூன்று பிள்ளைகள் உறங்கும் அவ்வறையில், மெத்தையின் மேல் குப்புறப் படுத்தபடி அவன் எழுதிக்கொண்டிருந்தான்.

நான் ஏளனமாகக் கேட்டது உண்மையாகவே இருந்தது. அவன் படுத்துக்கொண்டுதான் எழுதினான்; உட்கார இடம் இல்லை.

அன்றிரவு என் பாட்டியின் லயத்து வீடு நினைவுக்கு வந்தது. அங்கு நாங்கள் எட்டுப் பேர் ஓர் அறையில் உறங்கினோம். ஆயினும் நான் உட்கார்ந்து எழுத அங்கு இடம் இருந்தது. இது எவ்வாறு இயன்றது? அதற்கு விடை தேடிய முயற்சியே இக்கட்டுரை.

இரவுக்காகக் கட்டப்பட்ட அறை

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர்களுக்குக் கட்டப்பட்ட நீண்ட வரிசை வீடுகளே லயங்கள். ஓர் அறை பொதுவாக 10 அடிக்கு 12 அடி அளவு இருக்கும். அதாவது 120 சதுர அடி. ஏறத்தாழ 11 சதுர மீட்டர். முன்னால் அஞ்சடி, அடுத்த அறைக்கு நடுவே மெல்லிய பலகைத் தடுப்பு. ஒரு வீட்டில் இருமினால் மறுவீட்டில் கேட்கும்.

அவ்வறை ஏன் அவ்வளவு சிறியதாக இருந்தது? தொடக்கக் காலத்தில் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள் என்றே தோட்ட நிருவாகங்கள் கருதின. ஆகவே, உடலைக் கிடத்த ஓர் இடம் போதும் என்ற கணக்கில் அறைகள் எழுந்தன. அவை இரவுக்காகக் கட்டப்பட்டவை. வாழ்வுக்காகக் கட்டப்பட்டவை அல்ல.

ஆனால், மக்கள் கணக்கின்படி நடந்துகொள்ளவில்லை. ஒப்பந்தக் கூலிகளாக ஆள் சேர்க்கும் முறை 1910 இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையில் குடும்பங்களும் பெண்களும் மிகுதியாக வந்தனர். 1938 இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்களை உதவித்தொகை கொடுத்து அனுப்பும் முறையைத் தடை செய்தபோது, இங்கு குடும்பங்கள் வேரூன்றிவிட்டன. குடும்பம் வளர்ந்தது, அறை வளரவில்லை. விடுதலைக்குப் பின்னர் 1966 இல் தொழிலாளர் வீடமைப்பின் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் சட்டம் வந்தது. 1990 இல் அதற்குப் பதிலாக விரிவான புதிய சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும், 1980களில் என் பாட்டி வாழ்ந்தது பழைய லயத்தில்தான்.

பாட்டியின் அலங்காரம்

அதிகாலை நான்கு மணிக்கெல்லாம் பாட்டி எழுந்துவிடுவார். பிரட்டுக்குப் போகும் முன் பாய்கள் அனைத்தையும் சுருட்டி, உத்தரத்திலிருந்து தொங்கும் இரண்டு கயிறுகளில் செருகி வைப்பார். தலையணைகள் பாய்களின் மேல் ஏறிவிடும். அத்துடன் படுக்கையறை மறைந்துவிடும். அதே தரையில் காலையில் பசியாறுவோம். நண்பகலில் பாட்டி அரிசி புடைப்பார். மாலையில் நான் எழுதுவேன். விருந்தினர் வந்தால் அதுவே வரவேற்பறை.

கதவுக்கு மேலே ஒரு பரண். தீபாவளிப் பாத்திரங்கள் அதில் உறங்கும். துணிமணிகள் இருக்கும் தகரப் பெட்டிதான் என் எழுதுமேசை. தம்பி பிறந்தபோது அவனுக்குத் தரையில் இடம் தேட வேண்டியிருக்கவில்லை. பழைய சேலையில் கட்டிய ஏணை உத்தரத்தில் ஆடியது. இன்னொரு சேலை அறையின் ஒரு மூலையை மறைக்கும் திரையாயிற்று. சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. மளிகைக் கடை நாட்காட்டியிலிருந்து வெட்டி ஒட்டிய முருகன் படம். அவ்வளவுதான் அலங்காரம். ஆனால், அந்த வெண்சுவரில் ஒரே ஒரு படம் இருந்ததால் கண் அங்குதான் போய் நிற்கும்.

இதைச் சொல்லும்போது லயத்து வாழ்க்கையைச் சொர்க்கமாகப் புனைய நான் விரும்பவில்லை. என் அத்தை உடைமாற்ற விளக்கை அணைக்க வேண்டியிருந்தது. பெரியவர்களின் சண்டைகளைச் சிறுபிள்ளைகளாகிய நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக் கிடந்தோம். மேலும், அந்த இடம் தானாகக் கிடைத்ததன்று. ஒவ்வொரு நாளும் பாட்டியின் கைகள் அதை உண்டாக்கின. அவர் ஒரு நாள் நோயுற்றுப் படுத்தால், அந்த வீடு பாதியாகச் சுருங்கிவிடும்.

வேறு நாடுகளில்

பாட்டி கண்ட வழியை உலகின் வேறு பகுதி மக்களும் கண்டிருக்கின்றனர். ஜப்பானிய வீடுகளில் அறையின் அளவைத் தரையில் விரிக்கும் தத்தாமிப் பாய்களின் எண்ணிக்கையால் கூறுவர். ஒரு பாய் ஏறத்தாழ 91 சென்டிமீட்டருக்கு 182 சென்டிமீட்டர். நாலரைப் பாய் அறை என்பது அவர்களிடையே நன்கு அறியப்பட்ட சிறிய அறை. கணக்கிட்டால் ஏறக்குறைய 7.4 சதுர மீட்டர். பகலில் மெத்தையை மடித்துச் சுவரோடு அமைந்த ஆழமான அலமாரியில் வைத்துவிடுவார்கள். பாட்டியின் கயிற்றுக்கு ஈடு அந்த அலமாரி.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஓரறை வீட்டில் குடியிருந்த வில்லியம் மர்ஃபி என்பவர், கட்டிலையே நிமிர்த்திச் சுவருக்குள் மறைக்கும் அமைப்பை உருவாக்கினார். 1910களில் அதற்குக் காப்புரிமைகளும் பெற்றார். இன்றும் அவ்வகைக் கட்டிலுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே வழங்குகிறது.

புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 1952 இல் பிரான்சின் தென்கடற்கரையில் தமக்கென ஒரு மரக்குடில் அமைத்தார். அதன் உட்பரப்பு 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர், அதாவது 12 அடிக்கு 12 அடி. 2016 இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. நம் லயத்து அறையை விட இரண்டடிதான் அகலம்! ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. அவர் அந்தச் சிறுமையைத் தாமே விரும்பித் தேர்ந்தெடுத்தார். கடற்கரை விடுமுறை முடிந்தால் திரும்பிச் செல்ல வேறு வீடு இருந்தது. என் பாட்டிக்கு இல்லை.

கட்டில் வந்த கதை

இனி நம் அடுக்குமாடிக்கு வருவோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மேம்பாட்டுக்காக விற்கப்பட்டும் போனபோது நம் மக்கள் நகரங்களை நோக்கி வந்தனர். புறம்போக்கு நிலக் குடிசைகளில் பல ஆண்டுகள் வாழ்ந்து, பின்னர் அடுக்குமாடிகளில் குடியேறினர். 1998 இல் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வகுக்கப்பட்ட தேசியத் தரம், வீட்டின் குறைந்தபட்சப் பரப்பை 63 சதுர மீட்டர் என்றது. மூன்று படுக்கையறைகள் முறையே 11.7, 9.9, 7.2 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் அது வகுத்தது.

இவ்வெண்களை உற்று நோக்குங்கள். முதல் படுக்கையறை மட்டுமே என் பாட்டியின் அறையை விடச் சற்றுப் பெரிது. மூன்றாவது அறையோ ஜப்பானியரின் நாலரைப் பாய் அறைக்கு ஏறக்குறையச் சமம். அப்படியிருக்க, என் மாணவனுக்கு ஏன் உட்கார இடமில்லை?

காரணம் கட்டில். கடையில் விற்கும் பெரிய அளவு மெத்தை 152 சென்டிமீட்டருக்கு 190 சென்டிமீட்டர். அதுவே ஏறத்தாழ 2.9 சதுர மீட்டரை விழுங்கிவிடும். அலமாரியும் அதன் கதவு திறக்கத் தேவையான வெளியும் மற்றொரு பங்கைக் கேட்கும். கதவோரத்தையும் கழித்தால் மிஞ்சுவது நடைபாதைதான். பாய் இரவில் மட்டும் இடம் கேட்டது. கட்டில் இருபத்து நான்கு மணி நேரமும் கேட்கிறது.

இதை அவன் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நான் சின்னதுலருந்து பாயிலதான் டீச்சர் படுத்தேன். எம் பிள்ளைங்களாச்சும் கட்டில்ல படுக்கட்டும்னுதான் தவணையில வாங்கினோம்” என்றார்.

நான் தலைகுனிந்தேன். அந்தக் கட்டில் அறியாமையால் வந்ததன்று. தரையில் உறங்கிய இரண்டு தலைமுறைகளின் ஏக்கம் அது. கட்டில், மெத்தை, அலமாரி என்பவை நம் மக்களுக்கு வெறும் மரச்சாமான்கள் அல்ல. ‘நாங்களும் முன்னேறிவிட்டோம்’ என்பதற்கான சான்றிதழ்கள். அவற்றை அகற்றுங்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

எனவே, அவர்களே பேசி முடிவெடுத்தனர். பெரிய கட்டில் பெற்றோரின் அறைக்குச் சென்றது. அங்கிருந்த பழைய கட்டில் உறவினர் வீட்டிற்குப் போயிற்று. பிள்ளைகளுக்கு மூன்று மடிப்பு மெத்தைகள் வாங்கினர். பகலில் அவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரோரம் ஏறி, சாய்ந்து உட்காரும் இருக்கையாயின. அலமாரியின் கதவுகளைக் கழற்றிவிட்டுத் திரை மாட்டினர். சன்னலருகே அவன் அப்பா கீல் வைத்த பலகை ஒன்றைச் சுவரில் பொருத்தினார். விரித்தால் மேசை, மடக்கினால் சுவர். சுவருக்கு வெளிர்மஞ்சள் சாயம் பூசினர். திரையின் நிறத்தை மட்டும் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தனர். காலையில் மெத்தை மடிப்பது அம்மாவின் வேலை அன்று. மூன்று பிள்ளைகளும் முறை வைத்துக்கொண்டனர். பாட்டிக்குக் கிடைக்காத உதவி அது.

பெற்றோர்களே, கடைகளிலும் ஏடுகளிலும் சிறிய அறையை அழகுபடுத்தப் பல வழிகள் கூறப்படுகின்றன. கண்ணாடி மாட்டலாம், வெளிர்நிறம் பூசலாம், கட்டிலுக்கு அடியில் இழுப்பறை வைக்கலாம். அனைத்தும் நல்லவையே. ஆனால், வரலாறு நமக்குக் கற்றுத்தரும் முதற்பாடம் வேறு. அறைக்குள் எதைக் கொண்டுவரலாம் என்று கேட்கும் முன், பகலில் எதை மறையச் செய்யலாம் என்று கேளுங்கள். தரை நிரம்பினால் சுவரைப் பாருங்கள். சுவர் நிரம்பினால் பரணைப் பாருங்கள். சுவரில் பத்துப் படங்களுக்குப் பதில் ஒன்றை மாட்டுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து எழுத இரண்டடி இடத்தை ஒதுக்குங்கள்.

ஆசிரிய நண்பர்களே, நமக்கும் ஒரு பாடம் உண்டு. கோணலான எழுத்தைச் சிவப்பு மையால் வட்டமிடும் முன், அது எங்கிருந்து எழுதப்பட்டது என்று ஒரு முறை கேட்போம்.

அம்மாணவன் அதன் பிறகு வகுப்பில் முதல்வனாகிவிடவில்லை. பெருக்கல் வாய்பாட்டில் இன்னமும் தடுமாறினான். ஆனால், அடுத்த முறை இயங்கலை வகுப்பு நடந்தபோது அவன் முகம் திரையில் தோன்றியது. பின்னால் மஞ்சள் சுவர் தெரிந்தது. முன்பு கடிந்துகொண்டதைப் போலவே, எல்லார் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் வெட்கத்துடன் சிரித்துவிட்டு, “டீச்சர், என் மேசையப் பாருங்க” என்று அந்தப் பலகையை ஒரு முறை மடக்கிக் காட்டி, மீண்டும் விரித்தான்.