எந்தப் பக்கமும் வேண்டாம் என்ற 88 பேர்

காமர்ஸ் படிக்கிற எனக்கும் வரலாற்றுக்கும் உள்ள உறவு பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் போன லீவில் சியோலில் வேலை பார்க்கும் மாமா வீட்டுக்குப் போனவன், அவர் புண்ணியத்தில் கொரிய எல்லைக்கு ஒரு நாள் டூர் போய்விட்டு வந்தேன். வந்ததிலிருந்து ஒரு விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

சியோலிலிருந்து எல்லை ரொம்ப தூரமெல்லாம் இல்லை நண்பர்களே. சென்னையிலிருந்து செங்கல்பட்டு போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழி நெடுக ஆற்றங்கரையில் முள்வேலி, நடுநடுவே காவல் கோபுரம். ஒரு பாலத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தினார்கள். ராணுவ உடையில் ஒரு பையன் ஏறி ஒவ்வொரு பாஸ்போர்ட்டாக வாங்கிப் பார்த்தான். என் வயதுதான் இருக்கும்.

உள்ளே இருக்கும் பகுதிக்குப் பெயர் 'ராணுவமற்ற மண்டலம்'. 4 கி.மீ. அகலம், சுமார் 250 கி.மீ. நீளம். அதற்குள் கண்ணிவெடி, அதற்கு இரண்டு பக்கமும் லட்சக்கணக்கில் ராணுவம். பெயர் வைத்த ஆசாமிக்கு நல்ல நகைச்சுவை உணர்வு! 1978-ல் கண்டுபிடித்த மூன்றாம் சுரங்கத்துக்கும் கூட்டிப் போனார்கள். வடகொரியா தோண்டியது. மாட்டிக்கொண்டதும் நிலக்கரிச் சுரங்கம் என்று சொல்லிவிட்டார்களாம். பாறையோ கிரானைட், மேலே கரி பூசியிருக்கிறது. குனிந்தே நடந்தும் என் ஹெல்மெட் நாலு தடவை இடித்தது.

ஆனால் மனதில் நின்றது சுரங்கம் இல்லை. காலையில் இம்ஜின்காக் என்ற இடத்தில் பார்த்த ஒரு பழைய மரப்பாலம். பெயர் சுதந்திரப் பாலம். 1953-ல் போர் நின்றதும் 12,773 கைதிகள் இந்த வழியாகத் தெற்கே வந்தார்கள் என்றார் கைடு. "திரும்பிப் போக மாட்டேன்னு யாரும் சொல்லலையா?" என்று சும்மாதான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "சொன்னாங்க. அவங்களைக் காவல் காத்ததே உங்க நாட்டு ராணுவம்தான்" என்றார். எனக்கு இது சுத்தமாகத் தெரியாது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன்.

1950 ஜூன் 25-ல் தொடங்கிய போர் ஒரே வருடத்தில் இழுபறியாகிவிட்டது. 1951 ஜூலையில் பேச்சுவார்த்தை ஆரம்பம். கோடு எங்கே என்பதில் கூட ஒரு மாதிரி ஒத்துப்போனார்கள். கடைசியில் சிக்கியது ஒரே கேள்வியில்: கைதிகளை அப்படியே திருப்பி அனுப்புவதா, விருப்பம் கேட்டு அனுப்புவதா? அப்படியே அனுப்பு என்றது சீனா-வடகொரியா தரப்பு, விருப்பம் கேள் என்றது அமெரிக்கா. இதிலேயே ஒரு வருடத்துக்கு மேல் போனது. சண்டை மட்டும் நிற்கவில்லை.

1953 ஜூலை 27-ல் போர்நிறுத்தம் கையெழுத்தானபோது ஒரு சமரசம். வீடு திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்டவர்களை ஒரு நடுநிலை ஆணையம் வைத்திருக்கும். 90 நாள் அவரவர் நாட்டு ஆட்கள் வந்து பேசிப் பார்க்கலாம். ஆணையத்தில் ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, இந்தியா. தலைவர் நம்ம ஜெனரல் திம்மையா. காவல் படைக்குத் தலைவர் ஜெனரல் தோரட்.

தென்கொரிய அதிபர் சிங்மான் ரீக்கு இந்தியாவைக் கண்டாலே ஆகாது. இந்தியச் சிப்பாய் தன் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்றுவிட்டார். விளைவு, கப்பலில் வந்தவர்களை ஹெலிகாப்டரில் தூக்கி நேராக ராணுவமற்ற மண்டலத்தில் இறக்கினார்கள். ஆயிரக்கணக்கான பேரை!

சரி, அந்த 'விருப்பம்' எப்படிப்பட்டது? மெர்க்கன்டைல் லா பேப்பரில் 14-ஆம் பிரிவு படித்தோமே, மிரட்டி வாங்கின சம்மதம் சுதந்திரமான சம்மதம் இல்லை என்று. அந்தக் கண்ணால் பார்த்தால் முகாம் கதை வயிற்றைக் கலக்குகிறது. சீனக் கைதிகள் பலருடைய உடம்பில் கம்யூனிஸ்ட் எதிர்ப்பு வாசகம் பச்சை குத்தியிருந்தது. பலருக்கு சக கைதிகளே பிடித்து வைத்துக் குத்தியது. அந்த உடம்போடு எந்த தைரியத்தில் ஊர் திரும்புவது? ஊருக்குப் போகிறேன் என்று வாய் திறந்தவர்கள் முகாமுக்குள்ளேயே கொலையாகியிருக்கிறார்கள். வெளியே நின்ற நம் சிப்பாய்களால் ஓரளவுக்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியில் மனம் மாறி வீடு திரும்பியது சில நூறு பேர்தான். சீனர்கள் 14,000-க்கும் மேல் தைவானுக்குப் போனார்கள். வடக்கே போகாத கொரியர்கள் தெற்கில் தங்கினார்கள். 21 அமெரிக்கர்களும் ஒரு பிரிட்டிஷ்காரரும் சீனாவுக்குப் போனது தனிக்கதை.

இதற்கு நடுவில் 88 பேர், இரண்டு பக்கமும் வேண்டாம், ஏதாவது நடுநிலை நாட்டுக்கு அனுப்புங்கள் என்றார்கள். பெரும்பாலும் கொரியர்கள், 12 பேர் சீனர்கள். இரண்டு தரப்புக்கும் துரோகி ஆகிற முடிவு. அந்த முகாமுக்குள் இருந்துகொண்டு அதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! திம்மையாவின் ஆட்கள் திரும்பியபோது இவர்களும் கூடவே கப்பல் ஏறினார்கள். 1954 பிப்ரவரியில் அந்தக் கப்பல் வந்து நின்றது நம்ம மெட்ராஸ் துறைமுகத்தில்.

பீச் ஸ்டேஷனில் இறங்கி எத்தனையோ தடவை அந்த மதில் ஓரமாக நடந்திருக்கிறேன், ஒருத்தரும் சொன்னதில்லை. இங்கிருந்து அவர்களை டெல்லிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு வருடம் கழித்துப் பெரும்பாலோர் பிரேசிலுக்கும் சிலர் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள். வெகு சிலர் இந்தியாவிலேயே தங்கித் தொழில் செய்து பிழைத்தார்கள். அவர்களில் பலருடைய ஊர் அந்தக் கோட்டுக்கு வடக்கே. அம்மா அப்பா உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டு ஒரு கடிதம் போடக்கூட வழி இல்லாத ஊர்.