சொட்டும் சமையலறைக் குழாய்: நாமே சரிசெய்யலாம்

குழாயை இறுக மூடியும் நீர் சொட்டுகிறதா? அடியில் ஒரு குவளையை 10 நிமிடம் வைத்துப் பாருங்கள். 100 மில்லிலிட்டர் சேர்ந்தால், நாளொன்றுக்கு 14 லிட்டருக்கு மேல் வீணாகிறது. மேலும் இறுக்கினால் உள்ளிருக்கும் ரப்பர் வாஷர்தான் நைந்துபோகும்.

முதலில் தொட்டிக்கு அடியிலுள்ள வால்வை மூடுங்கள். அது இல்லாவிட்டால், வீட்டின் முதன்மை வால்வை மூடவேண்டும். குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடியவிடுங்கள். திருகாணி விழுந்துவிடாதிருக்க, தொட்டியின் துளையைத் துணியால் அடைத்திடுங்கள்.

கைப்பிடியைக் கழற்றி, உள்ளே தெரியும் தலைப்பகுதியை ஸ்பேனரால் இடப்பக்கமாகத் திருகி எடுங்கள். மறுகையால் குழாயைப் பிடித்துக்கொள்வது முக்கியம். இல்லையென்றால் சுவர் இணைப்பு தளர்ந்துவிடும்.

பல சுற்று திருகி மூடும் பழைய வகைக் குழாயில், அந்தப் பகுதியின் அடிநுனியில் வாஷர் இருக்கும். அதைக் கடைக்கே எடுத்துச்சென்று அதே அளவில் வாங்குங்கள். வாஷர் அமரும் இடம் அரித்திருந்தால் புது வாஷரும் ஒழுகும். குழாயையே மாற்றுவது நல்லது. கால் சுற்றில் மூடும் குழாயில் பெரும்பாலும் பீங்கான் தட்டுகள் இருக்கும். துகள் சிக்கியிருந்தால் கழுவிப் பாருங்கள். தீராவிட்டால் உட்பகுதியை முழுதாக மாற்றவேண்டும்.

சிங்கப்பூரில் புதுக் குழாய் வாங்குவோர், தண்ணீர்ச் சிக்கன முத்திரையில் குறைந்தது 2 ‘டிக்’ குறிகள் உள்ளனவா எனப் பார்க்கவேண்டும்.

மீண்டும் பொருத்தியபின் வால்வை மெதுவாகத் திறந்து, கசிவு நின்றதா என்று கவனியுங்கள். சுவருக்குள்ளிருந்து நீர் கசிந்தால், நீங்களே உடைத்துப் பார்க்கவேண்டாம். உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரை அழையுங்கள்.